மலை இறங்கும்போது மட்டும் இழுத்த வண்டி

பரணி வண்டியைச் சோதித்துப் பார்க்கும்போது அவன் பக்கத்தில் உட்காரத் தைரியம் வேண்டும். சித்தூர் பைபாஸில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொள்வான். வண்டியின் சொந்தக்காரர் பதறிப்போய் டாஷ்போர்டைப் பிடித்துக்கொள்வார். பரணி சாலையைப் பார்க்காமல் அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். "இன்னாத்துக்கு பயம்? இப்போ இழுக்குதா? சொல்லு, எந்தப் பக்கம் இழுக்குது?" வண்டி பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். டிக்கெட் இல்லாத சர்க்கஸ் என்று நான் அதைக் கேலி செய்வது வழக்கம்.

வேலூர் ரோட்டில் அவனுடைய ஷெட்டை ஒட்டியதுதான் என்னுடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவன் கழற்றிப் போடுவதற்கெல்லாம் புதிது விற்றுப் பிழைப்பவன் நான். காலையில் முதல் டீ அவனோடுதான். ஆகையால் பரணியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நகரிப் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். தமிழ்க்காரர்கள், ஆனால் கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார்கள். பரணிக்கு நிலத்தில் மனம் ஒட்டவில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யார் வந்து சொன்னாலும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மற்ற மெக்கானிக்குகள் உடனே அலைன்மென்ட் மெஷினில் ஏற்றிவிடுவார்கள். இவன் முதலில் விசாரிப்பான். எப்போதும் இழுக்கிறதா, பிரேக் போட்டால் மட்டுமா? பள்ளத்தில் இறங்கியதா? புது டயர் போட்டாயா? பிறகு காற்றைப் பார்ப்பான். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுவான். இழுப்பு பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் சக்கரத்துக்கு உள்ளே. ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரமாகப் புறங்கையை வைத்துப் பார்ப்பான், எது சுடுகிறதென்று. எல்லாம் முடிந்து, தான் முறுக்கிய போல்ட்டின்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். போல்ட்டிலும் அது உட்கார்ந்த இரும்பிலும் சேர்ந்தாற்போல் விழும் கோடு. வேறு யாராவது திறந்தால் கோடு விலகிவிடும். அந்த மஞ்சள் கோட்டில் அவனுக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவனுடைய மனைவி ஸ்ரீதேவி கங்காதர நெல்லூர்ப் பெண். அவளுடைய தம்பி சுதீர் டாக்சி ஓட்டினான். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைத் திருமலைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் பிழைப்பு. அந்தப் பழைய காரைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்ததே பரணிதான். சுதீர் அதிகம் பேசாத பையன். அக்கா புருஷன் சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு. பரணியும் அவனைக் கூடப்பிறந்தவனாகவே நடத்தினான். அக்கா, தம்பி, பரணி மூவரும் ஒரே தட்டில் பிரியாணி தின்ற நாட்கள் உண்டு.

ஒரு ஆடி மாதம் சுதீரின் வண்டியில் வலது முன் பிரேக்கிலிருந்து ஆயில் கசிந்தது. பரணி சக்கரத்தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி சீல் மாற்றினான். கழற்றும்போது ஆயில் எல்லாம் ஒழுகிவிடாமல் இருக்க, பிரேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸைப் பிளேயரால் நெருக்கி அப்படியே பூட்டித் தொங்கவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் எல்லாரும் செய்கிற காரியம். வேலை முடிந்ததும் மஞ்சள் கோடு விழுந்தது, வண்டி போனது.

கொஞ்ச நாளில் சுதீர் திரும்பி வந்தான்.

"மாமா, வண்டி இழுக்குது. எடது கை பக்கம்."

"எப்போ?"

"மல எறங்கசொல்ல. பிரேக் புடிச்சா இழுக்குது. ஏறசொல்ல ஒண்ணும் இல்ல. இங்க வரசொல்லயும் இல்ல."

பரணி காற்று பார்த்தான், டயர் மாற்றிப் போட்டான், சக்கரங்களைத் தொட்டான். பிறகு பைபாஸுக்குப் போனார்கள். நானும் பின் சீட்டில் இருந்தேன். கைகளை எடுத்தான், வண்டி நேராகப் போனது. கைகளை எடுத்தபடியே பிரேக்கையும் அழுத்தினான். அப்போதும் நேராகவே நின்றது.

"மலையில ரோடே சாய்வு. திருப்பத்துல எடது பக்கம் எறக்கமா இருக்கும். அதான் உனக்கு அப்படித் தெரியுது," என்றான் பரணி. "வண்டியில ஏமி லேது, ஒண்ணுமே இல்ல. நீதான் தூங்காம ஓட்டிக்கினு இருக்கற. ஒரு நாள் நல்லா படுத்துத் தூங்கு."

சுதீர் தலையை ஆட்டினான். ஆனாலும் வண்டியை விட்டு இறங்கும்போது ஒரு முறை, "மலைக்கு ஒருவாட்டி வந்து பாரேன் மாமா," என்று கேட்டான். பரணி சிரித்தான். ஒரு பிரேக்கைப் பார்க்கத் திருமலைக்கா, மொட்டை போட வேண்டுமானால் சொல், வருகிறேன் என்றான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

புரட்டாசியில் அது நடந்தது. சுதீர் ராத்திரி முழுவதும் ஓட்டி, விடிந்த பிறகு பயணிகளை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தான். அலிபிரி தாண்டி, ஊருக்குள் போகாமல் சந்திரகிரிப் பக்கம் திரும்பினான். சாலையின் இடது ஓரத்தில் ஒரு புளிய மரத்தடியில் நடைப்பயணம் வந்தவர்கள் மஞ்சள் புடவைகளோடு உட்கார்ந்து கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது என்று சுதீர் சொன்னான். அந்த ஆட்டோவை வேறு யாரும் பார்க்கவில்லை. பின்னால் இருந்த பயணிகள் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். வண்டி இடது பக்கம் பாய்ந்தது. குடிபாலாவிலிருந்து நடந்து வந்த செல்லியம்மா என்கிற அம்மாள் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். மகள் கன்னிகா பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாளாம்.

கேஸ் நடந்தது, லைசென்ஸ் போனது. நிறுத்திவைத்த வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் அகப்படவில்லை. குளிர்ந்து கிடந்த வண்டியில் என்ன அகப்படும் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு குடும்பத்துக்குள் பேச்சு தடித்தது. ஜாமீனில் வந்த சுதீர் அழுதுகொண்டே, "நான் அப்பவே சொன்னனே மாமா, இழுக்குதுன்னு," என்று கேட்டுவிட்டான். பரணிக்கு முகம் கறுத்துப்போனது. இருபது வருடத் தொழிலில் யாரும் கேட்காத கேள்வி. "தூங்கிட்டு ஏத்திட்டு, எம்மேல போடாத," என்றான். ஸ்ரீதேவி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். அவளுக்கும் சுதீருக்கும் அப்பா, அவர்கள் நைனா என்று கூப்பிடும் ரங்கையா, கடைசியில் சொன்னார்:

"ரெண்டு பேரும் காணிப்பாக்கம் வாங்க. அங்க சொல்லுங்க."

சித்தூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்து சிரிக்கிறவன்கூடக் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய் சொல்லப் பயப்படுவான். குளத்தில் முழுக வேண்டும். ஈரத்துணியோடு சன்னிதியில் நின்று சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். பொய்யென்றால் சொன்னவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. வாய்க்கால் சண்டையும் பாகத் தகராறும் அங்கே முடிந்திருக்கின்றன. பிரேக் தகராறு ஒன்று அங்கே போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நானும் போனேன். பரணி முழுகி எழுந்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட விடுவிடென்று உள்ளே போய்ச் சன்னிதியில் கையை நீட்டிச் சொன்னான். "என் வேலையில கொற இல்ல. வண்டி என் கைய வுட்டுப் போகசொல்ல சரியா இருந்தது." குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மனதறிந்து சொன்னான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது.

சுதீரும் முழுகினான். ஆனால் படியேறி வந்தவன் கோயில் வாசலைத் தாண்டவில்லை. ஈர வேட்டியோடு அங்கேயே நின்றுவிட்டான்.

"வாடா," என்றார் ரங்கையா.

"இன்னானு சொல்றது நைனா? தூங்கலன்னு சொல்லணும். நான் தூங்கினனா இல்லயானு எனக்கே தெரியல. ஆட்டோ வந்தா மாதிரிதான் இருந்தது. கனவான்னும் தெரியல. தெரியாதத சாமி முன்னால எப்படி சொல்லுவன்?"

ரங்கையா மகனைப் பார்க்காமல் திரும்பி நடந்தார். அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது. நிச்சயமாகத் தெரியும் என்றவன் ஜெயித்தான், தெரியவில்லை என்றவன் தோற்றான். உண்மையைப் பேசினவனுக்கு எங்கள் ஊரில் கொடுக்கும் பெயர் பின்வாங்கினவன். எனக்கு அன்றே வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் பரணியின் கை சுத்தம் என்று நானும் நம்பினேன், அதனால் வாயைத் திறக்கவில்லை.

ரங்கையா மகனோடு பேசுவதை நிறுத்தினார். ஸ்ரீதேவி தம்பிக்குப் போன் செய்வதை நிறுத்தினாள். அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண்வீட்டாரும் விலகினார்கள். வண்டி கைமாறிப் போனது. சுதீர் ஏர்பேட்டுப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் மூட்டை தூக்கப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். ஆட்டோவின் முன் சீட்டில்கூட உட்கார மாட்டானாம். எங்கே போனாலும் நடைதானாம்.

இரண்டு புரட்டாசிகள் போன பிறகு ஒரு நாள், நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்ட ஒருவர் ஷெட்டில் வந்து இறங்கினார். தோதாத்ரி என்று பெயர். திருப்பதியில் வீடு, திருமலைக் கோயிலில் கைங்கரியம். தினமும் மேலே போய்க் கீழே வருகிறவர். புரோக்கர் மூலமாக வாங்கிய பழைய கார்.

"திருப்பதியில நாலு பேர்ட்ட காட்டிட்டேன் சுவாமி. எல்லாரும் ஒண்ணுமில்லைன்னுட்டா. மேலே போறச்சே சமத்தா போறது. கீழே இறங்கறச்சே பாதி மலைக்கு அப்புறம் பிரேக்கை அழுத்தினா இடது பக்கம் இழுக்கறது. சித்தூர்ல நீங்கதான் இதுக்குன்னே இருக்கேள்னு சொன்னா."

நான் என் கடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கலர் மாறியிருந்தது. நம்பர் மாறவில்லை. பரணி அந்த நம்பரைப் பார்த்தபடியே நின்றிருந்தான். பிறகு வலது முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே தலையை நீட்டினான். காலிப்பர் போல்ட்டில் அழுக்குக்கு அடியில் மஞ்சள் கோடு. துடைத்துப் பார்த்தான். கொஞ்சமும் விலகவில்லை. அவன் கைக்குப் பிறகு அந்த பிரேக்கை யாரும் திறக்கவில்லை.

"மலைக்குப் போவலாம்," என்றான். என்னைப் பார்த்து, "ஒரு ஹோஸ் எடுத்துக்கினு வா, முன் வலது," என்றான். அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தோதாத்ரி பக்கத்தில், நான் பின்னால். ஏறும்போது வண்டி சமத்தாகத்தான் போனது. இறங்கும்போது பரணி வேண்டுமென்றே பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டினான். முதல் வளைவுகளில் ஒன்றும் இல்லை. அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. பாதி மலை தாண்டியதும் ஒரு நேரான இடத்தில், சாய்வே இல்லாத இடத்தில், அழுத்தினான். வண்டி இடது பக்கத் தடுப்புச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. பரணி இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து மீட்டான். அன்றைக்கு அவன் கைகளை எடுத்துக் காட்டவில்லை.

கீழே வந்து நிறுத்திச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனான். வலது சக்கரத்தின் அருகிலிருந்து சடக்கென்று இழுத்துக்கொண்டான். அந்தச் சூடு என் முழங்காலில் பட்டது.

திருப்பதியில் தெரிந்த ஒருவரின் ஷெட்டில் ஹோஸைக் கழற்றினான். வெளிப்பார்வைக்கு நல்ல ஹோஸ்தான், வெடிப்பு இல்லை, கசிவு இல்லை. நடுவில் மட்டும் பிளேயர் பல் கடித்த தடம். அதை நீளவாக்கில் அறுத்துப் பிளந்தான். பல் தடத்துக்கு நேர் உள்ளே ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. ஆறிக் கிடக்கும்போது அது ஒட்டிக்கொண்டு பேசாமல் இருக்கும். மலை இறங்கிச் சூடேறினால் இளகி எழுந்து வழியை அடைக்கும். ஆயில் வலது பிரேக்குக்கு நேரத்தில் போய்ச் சேராது. இடது பிரேக் மட்டும் பிடிக்கும். வண்டி இடது பக்கம் பாயும். பிரேக்கை விட்ட பிறகு வலது பக்கத்தில் போன ஆயிலும் சீக்கிரம் திரும்பாது, சக்கரம் உரசிக்கொண்டே ஓடிச் சூடாகும்.

"வேற எவனாவது கடிச்சிருப்பான்," என்றேன் நான். சொல்லும்போதே அசட்டுத்தனமாக இருந்தது.

"கோடு வெலகல. நான்தான்," என்றான். சிமென்ட் தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. புது ஹோஸை அந்த ஷெட்டுக்காரர்தான் போட்டார். தோதாத்ரி மலைக்குப் போய்த் திரும்பி வந்து, "பிரமாதம், இழுக்கவே இல்லை," என்று சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். பாவம், அந்த வண்டியின் கதை அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் சொல்ல மனம் வரவில்லை.

வீட்டில் சொன்னபோது நான் இருந்தேன். ஸ்ரீதேவி அறுத்த ஹோஸைக் கையால் தொடவில்லை. "நீ சாமி முன்னால சொன்னியே. யாமினிக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்றுதான் முதலில் கேட்டாள். யாமினி அவர்களுடைய ஒரே மகள், திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கேட்ட பிறகுதான் ஸ்ரீதேவிக்குத் தம்பி ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் அழுதது முக்கால்வாசி வெட்கத்தில் என்று எனக்குத் தோன்றியது. பெற்றவள் வேறு எதை முதலில் கேட்பாள்? அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது.

"தெரியாம சொன்னது பொய்யாகாது பரணி. சாமி என்ன வக்கீலா, வார்த்தையைப் பிடிச்சித் தொங்க?" என்றேன்.

"சாமி இருக்கட்டும். அவன் ரெண்டு வருஷமா தான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கறானே," என்றான்.

அதுதான் அவனை அரித்தது. தூங்கி ஒரு உயிரைக் கொன்றோம் என்று ஒருவன் தன்னை நினைத்துக்கொண்டு கோழிப்பண்ணையில் மூட்டை தூக்குகிறான். அவன் தூங்கவில்லை என்பதற்கு அத்தாட்சி இவன் சட்டைப்பையில் இருக்கிறது. மறுநாளே என் காரில் ஏர்பேட்டுக்குக் கிளம்பினோம். ஸ்ரீதேவி வரவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்றாள்.

பண்ணை வாசலில் சுதீர் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். தலையில் தீவனத் தூசி. எங்களைப் பார்த்து அவனுக்குக் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் தேவலை.

"வா மாமா. துன்னீங்களா? அக்கா நல்லா இருக்குதா?"

பரணி ஹோஸை எடுத்து அவன் கையில் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். கெஞ்சுகிற குரலில், நடுநடுவே மூச்சு வாங்க. சுதீர் அந்த உரிந்த ரப்பரை விரலால் தூக்கியும் அமுக்கியும் பார்த்தான்.

"பிரேக் போட்டாதான் இது இழுக்கும்?"

"ஆமாண்டா. போடலன்னா இழுக்காது. தூங்கறவன் எங்கடா பிரேக் போடுவான்? நீ முழிச்சிக்கினுதான் இருந்த. அந்த ஆட்டோ நெஜமாவே வந்திருக்குது. தப்பு என்னுது. என் கையால ஆனது."

சுதீர் ஹோஸைத் திருப்பிக் கொடுத்தான்.

"போன வருஷம் நானே தனியா காணிப்பாக்கம் போனன் மாமா."

பரணிக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"கன்னிகாக்கா வந்தாங்க, இங்கயே, தேடிக்கினு. காசு கேக்கல, ஒண்ணும் கேக்கல. 'எங்கம்மா எதுக்கு செத்தாங்கன்னு மட்டும் சொல்லு, தெரியலன்னு சொல்லாத, அதான் என்னத் தூங்க வுடமாட்டேங்குது'ன்னாங்க. நான் எத்தினி நாளு தெரியலன்னே சொல்லுவன்? போனன். முங்கினன். நான் தூங்கித்தான் ஏத்தினன்னு சாமி முன்னால சொல்லிட்டன். அப்புறம் குடிபாலா போய் அவங்க கிட்டயும் சொன்னன். அழுதாங்க. அழுது முடிச்சிட்டு சொம்புல தண்ணி குடுத்தாங்க. இனிமே உனக்கு சாபம் வுடமாட்டன், போன்னாங்க."

"அடப்பாவி, நடக்காதத போய் ஏண்டா சொன்ன?"

"நடக்கலயா?" சுதீர் அண்ணாந்து பார்த்தான். "எனக்கு இப்போ நல்லா ஞாபகம் இருக்குது மாமா. கண்ணு சொருகினது, தல முன்னால சாஞ்சது, காத்து மூஞ்சில பட்டது. தெனமும் பாக்கறன். இதெல்லாம் இல்லன்னு சொல்ற. அப்போ எனக்கு எதுதான் நெஜம்? நீ போய் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. என்கிட்ட மட்டும் நான் தூங்கலன்னு சொல்லாத."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவன் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். இவ்வளவு வருத்தத்தை ஒரு மனிதன் இவ்வளவு மரியாதையாகச் சொல்லக் கூடாது. இரண்டு அறை விட்டிருந்தால் பரணி பிழைத்திருப்பான்.

"குடிபாலாவுக்கு வுடு," என்றான் பரணி காரில் ஏறியதும். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை.

கன்னிகா வீட்டு வாசலில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பரணி நின்றபடியே சொன்னான். ஹோஸைக் காட்டினான். அவள் கடலையைக் கையால் பரப்பிக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"நீங்க அந்தப் பையனுக்கு இன்னா ஓணும்?"

"அக்கா ஊட்டுக்காரன்மா."

"அதான் பாத்தன். பையன் பொழப்பு போச்சேன்னு காப்பாத்த வந்திருக்கறீங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். "என் வேலையில கொற இல்லன்னு நீங்கதானே காணிப்பாக்கத்துல சொன்னது? ஊரெல்லாம் தெரியும். அவனும் அங்கயே நின்னு தூங்கினன்னு சொல்லிட்டான். ரெண்டு பேரு சொன்னதும் சரியாத்தானே பொருந்துது. இப்போ ரப்பர் குழாய எடுத்துக்கினு வந்தா? சாமியத் தள்ளிட்டு இத நம்பணுமா?"

பரணி ஹோஸை மறுபடி அவள் பக்கம் நீட்டினான்.

"இல்லிங்க. எனக்கு இப்போதான் கொஞ்சம் தூக்கம் வருது. போய்ட்டு வாங்க," என்றாள். கையிலிருந்த வேலையை அவள் நிறுத்தவே இல்லை.

திரும்பும்போது தான் ஓட்டுவதாகச் சொன்னான். சாவியைக் கொடுத்தேன். பைபாஸில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போகிற வேகத்தில் ஓட்டினான். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை நெரித்துப் பிடித்திருந்தன. கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரத்தில் நிறுத்தினான்.

"உன் வண்டி எடது பக்கம் இழுக்குது," என்றான்.

நான் தினமும் ஓட்டுகிற வண்டி. போன மாதம்தான் அவனே பார்த்து, கைகளை எடுத்துக் காட்டிச் சிரித்துவிட்டுக் கொடுத்தான். நூலளவு இழுப்பு கிடையாது.

"ஆமா, கொஞ்சம் இழுக்குது," என்றேன். "காலையில பாத்துக்கலாம், எறங்கு. நான் ஓட்டறேன்."